பற்சூத்தையும் கூட்டுப்பிசின் அடைப்பு முறைகளும்

எழுத்தொலிகள் பிறக்குமாறு கூறப்புகுந்த தொல்காப்பியர் தலை, மிடறு, நெஞ்சு, இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பல்லையும் ஒருங்கு வைத்தெண்ணினார். தகரமும் நகரமும் நா பல்லின் அடியைச் சாரப் பிறப்பன. வகரம் மேற்பல் இதழோடு இயைதலாற் பிறப்பது. முன்வாய்ப் பல்லிழந்த முதியவர் ஒருவர் பேசக் கேட்பார்க்கு இவ்விலக்கணம் சூத்திரமின்றியே விளங்கும். ‘பல் போனாற் சொல் போச்சு’ என்று பாமரரும் இதனையே கூறினர். ஆயினும் அப்பழமொழியைச் சொல்வதிற் காட்டிய ஊக்கத்தைப் பல்லைப் போகாமற் காப்பதில் நம்மவர் காட்டினாரல்லர். நிந்தவூர், கல்முனை, அக்கரைப்பற்று முதலாய நம் கரையோர ஊர்களில், கராம்பும் உப்புநீருங் கொண்டு காலங்கடத்தி, வலி பொறுக்கவியலாத நாளிற் பல்வைத்தியரிடஞ் சென்று ‘பிடுங்கிவிடுங்கள்’ என்பாரே பலர். பிடுங்கிய இடத்தை நோக்கி அயற்பற்கள் சாய்தலும், எதிர்த் தாடைப் பல் அவ்வெற்றிடத்தை நோக்கி நீளுதலும், மெல்லும் வேலை முழுவதும் ஒருபக்கத்துக்கு மாறுதலும் பின்னர்த் தொடர்வன. ஒரு பல்லின் இழப்பு ஒரு பல்லோடு நிற்பதன்று.

அடைத்துக் காக்கும் முறைகளுள் இன்று பெருவழக்கிலுள்ளது, பல்வைத்தியர் ‘கொம்பொசிற்’ என வழங்கும் பல்நிற அடைப்பாகும். கூட்டுப்பிசின் என அதனை ஈண்டு வழங்குவோம். பொருள் ஒன்றாயினும் அதனைப் பல்லினுள் வைக்கும் முறைகள் பல. அவற்றுள் எது எவ்வாய்க்கு ஏற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சூத்தை என்பது புழு தின்ற துளை என்று நம் முன்னோர் கருதினர். வாயிலுள்ள பற்றீரியங்கள் சீனியை உண்டு அமிலத்தைக் கழிக்கின்றன. பல்லை அடுத்த நீர்மத்தின் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5இற்குக் கீழே வீழுங்கால், மிளிரி எனப்படும் எனாமலின் கல்சிய உப்புக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் சிறிது நேரத்தில் அவ்வமிலத்தைத் தணித்து, இழந்த உப்பின் ஒரு பகுதியை மீட்டுத் தரும். தொதலும் வட்டிலப்பமும் விருந்து நாளில் உண்பவை. நாடோறும் ஐந்தாறு தடவை சீனியிட்டுப் பருகும் பிளேன்ரீயோ உமிழ்நீருக்கு அவ்வோய்வைத் தருவதில்லை. சீனியின் அளவைப்போலவே அது வாயை அடையும் தடவையும் கணக்கிடத்தக்கதென்பதை நம் வீடுகளில் யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

இப்பல்லை அடைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் பயன்பட்டது இரசக்கலவை. வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவற்றின் தூளை ஏறக்குறைய அதே நிறையுடைய இரசத்தோடு குழைத்து ஆக்கப்படும் சாம்பல்நிற அடைப்பு அது. மலிவானது, விரைவில் வைக்கத்தக்கது, சிறிது ஈரத்தையும் பொறுப்பது, நெடுங்காலம் உழைப்பது. ஆனால் பல்லோடு ஒட்டுந்தன்மை அதற்கில்லை. ஆகலின் வாய் குறுகி உள்ளகன்ற குடம்போலப் பல்லைக் குடைந்தே அதனை நிறுத்தல் வேண்டும். நோயற்ற பற்பகுதியும் இதன்பொருட்டு வெட்டுண்ணும்.

இரசத்தின் காலம் இப்பொழுது முடிவை நெருங்குகின்றது. யப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவாய்க் கலந்த இரசம் மீன்வழியே மக்களை அடைந்து விளைத்த பெருந்துயரின் பெயரால், 2013ஆம் ஆண்டில் சர்வதேச உடன்படிக்கையொன்று எழுந்தது. இலங்கை 2017இல் அதனை ஏற்றது. மீனுண்டு வாழும் கரையோர மக்களாகிய நமக்கு அவ்வூரின் கதை அயலார் கதையன்று. பல்லடைப்பால் அந்நோய் விளைந்ததில்லை. எனினும் பல்வைத்தியக் கழிவும் இரசம் நீரையடையும் வழிகளுள் ஒன்றே. 15 வயதுக்குட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோரிடத்து, வைத்தியர் இன்றியமையாததெனக் கருதினாலன்றி, இரசக்கலவையைத் தவிர்க்குமாறு அவ்வுடன்படிக்கை நாடுகள் 2022இல் முடிபு செய்தன. 2034ஆம் ஆண்டோடு அதன் பயன்பாட்டை முற்றாக நிறுத்துவதென 2025 நவம்பரில் உடன்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்னரே, 2025 சனவரி முதலாந் தேதியிலிருந்து, சில விலக்குகளோடு அதனைத் தடுத்துவிட்டது. ஆகவே, மலிவும் உறுதியும் எளிமையும் ஒருங்கமைந்த ஒரு பொருளைக் கைவிட்டு, நுட்பமும் பொறுமையும் வேண்டும் இன்னொன்றை ஏழையின் பல்லுக்கும் பயன்படுத்த வேண்டிய நிலை நெருங்கிவிட்டது. அப்பொருளின் இயல்பை அறிதல் வைத்தியருக்கு மட்டும் உரியதன்று.

கூட்டுப்பிசினின் வரலாறு இரண்டு அறிஞரின் முயற்சியில் தொடங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரில் ஆய்வு செய்த மைக்கல் புவோனகோர் என்பார், உலோகத்தின்மீது வண்ணம் நன்கு பற்றும்பொருட்டுப் பொசுபோரிக்கமிலத்தாற் கழுவும் தொழின்முறையைக் கண்டு, அதனையே பல்லில் ஏன் முயலலாகாதென எண்ணினார். அமிலம் பட்ட மிளிரி நுண்டுளைகளுடைய கரட்டுப் பரப்பாகிறது. அதன்மேல் இட்ட பிசின் அத்துளைகளுட் புகுந்து வேர்போல் இறுகிவிடுகிறது. இவ்வுண்மையை அவர் 1955இல் வெளியிட்டார். மற்றையவர் றபேல் போவன். பிஸ்-ஜீஎம்ஏ எனச் சுருங்க வழங்கும் மூலக்கூற்றை ஆக்கி, சிலேன் பூசிய சிலிக்காத் தூளை அதனோடு கலந்து, 1962இல் உரிமைப் பட்டயம் பெற்றார். கொங்கிறீற்றிற் சீமெந்தும் கல்லும் போலக் கூட்டுப்பிசினில் பிசினும் கண்ணாடித்தூளும் அமைந்துள்ளன. இவையிரண்டும் தாமாக ஒட்டா. சிலேன் ஒருகையாற் பிசினையும் மறுகையாற் கண்ணாடியையும் பற்றி நிற்கும். பிசின் என்ற பெயர் கேட்டு மரப்பிசின் போன்ற மென்பொருளென்று மயங்குவார் உளர். நிறையில் நான்கில் மூன்று பங்களவு கண்ணாடித்தூளேயாம்.

முதலிற் போந்தவை இரு பசைகளைக் கலந்தவுடன் தாமே இறுகுவன. வைத்தியர் வடிவமைத்து முடிக்குமுன் இறுகிவிடும் குறை அவற்றுக்கிருந்தது. பின்னர் ஊதாக்கடந்த ஒளியும், அதன்பின் கண்ணுக்குப் புலனாகும் நீலவொளியும் பயன்பட்டன. பிசினிற் கலந்துள்ள கம்பர்குவினோன் என்னும் பொருள் ஏறத்தாழ 468 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சிப் பல்பகுதியாக்கத்தைத் தொடக்கி வைக்கின்றது. வைத்தியர் செம்மஞ்சட் கண்ணாடி அணிவது அந்நீலவொளியினின்று கண்ணைக் காத்தற்பொருட்டே.

இனி முறைகளுக்கு வருவோம். ஒட்டுதலே முதலாவது வினா. மிளிரி நிறையில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிப்பொருளாலாயது. அதனில் அமிலமுறை ஐயமின்றிப் பயன் தருகின்றது. அதன்கீழுள்ள டென்ரீனோ கொலாசன் நாரும் நீரும் கலந்த உயிர்ப்பொருள். உயிரணுக்களின் கிளைகள் நுழைந்த நுண்குழாய்கள் நிறைந்தது. யப்பானியரான புசாயாமா 1970களின் இறுதியில் டென்ரீனையும் மிளிரியையும் சேர்த்தே அமிலத்தாற் கழுவும் முறையைத் துணிந்து வகுத்தார். நக்கபயாசி 1982இல் பிசின் டென்ரீனின் நார்களிடையே ஊடுருவிக் கலப்புப் படையொன்றை ஆக்குதலை விளக்கினார். இம்முறையில், ஏறக்குறைய 37 விழுக்காட்டுப் பொசுபோரிக்கமிலத்தை மிளிரியில் 15 முதல் 30 செக்கனும், டென்ரீனில் 15 செக்கனுக்கு மேற்படாதும் வைத்து நீராற் கழுவுவர். இடர்ப்பாடு அதன்பின்னரே வருகின்றது. நீரில் விரிந்து நிற்கும் மீன்வலையைக் கரையில் இழுத்துப்போட்டால் அது சுருண்டு ஒட்டிக்கொள்ளுமன்றோ? கனிப்பொருள் கரைந்து தனித்து நிற்கும் கொலாசன் நாரும், காற்றூதி முற்றாக உலர்த்தினால், அவ்வாறே சுருங்கிப் பிசினை உள்ளே விடாது. நீர் மிகுந்திருப்பினும் ஒட்டு நலியும். வேண்டுவது இவற்றினிடைப்பட்ட ஈரம். அதனைக் கண்ணால் மதிப்பிடல் பயிற்சியால் வருவது.

இவ்விடரை நீக்க எழுந்ததே தன்னமில முறை. அமிலத்தன்மையுள்ள மூலக்கூறுகள் ஒட்டுபசையிலேயே கலந்திருத்தலால் தனியே கழுவுதலில்லை. கரைக்குமிடத்தே பிசினும் உடன் புகுந்துவிடும். பல் கூசுதலும் குறைவு. ஆயினும் இப்பசைகளுட் பலவற்றின் மென்மையான அமிலம் மிளிரியைப் போதிய அளவு கரடாக்குவதில்லை. ஆதலின் மிளிரியின் ஓரத்தை மட்டும் பொசுபோரிக்கமிலத்தாற் கழுவி, டென்ரீனைத் தன்னமிலப் பசைக்கு விடும் நடுவழி பலராற் போற்றப்படுகின்றது. இரண்டின் நன்மையும் ஒருங்கு பெறும் இவ்வழியே ஏற்றதென எமக்குத் தோன்றுகின்றது. இலங்கையின் உலர்வலயத்தில் நிலத்தடி நீரிற் புளோரைட்டு மிகுந்த இடங்கள் உள. அவ்விடத்துச் சிறுவரிற் பலர் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக்கறையும் உடையர். அத்தகைய மிளிரியின் புறப்படை அமிலத்தை எளிதில் ஏற்காது. அங்கே இந்நடுவழியும் போதிய கவனமின்றிப் பயன்படாது.

இரண்டாவது வினா சுருக்கம். இதுவே கூட்டுப்பிசினின் பெருங்குறை. தனித்தனி மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகுங்கால் அவற்றினிடைத் தூரம் குறைதலாற் பொருளின் கனவளவு பெரும்பாலும் 2 முதல் 3 விழுக்காடும், சிலவற்றில் அதனினும் மிகுந்தும் சுருங்கும். இஃது சிறிதெனத் தோன்றலாம். போகம் முடிந்து நீர் வற்றிய வயலை நோக்குக. சேறு காய்ந்து சுருங்குங்கால் வரம்பை விட்டு விலகும். விலகவியலாதவிடத்து நடுவே வெடிக்கும். பல்லினுள்ளும் அவ்வாறே. ஒட்டு வலிதாயின் பிசின் பல்லின் சுவர்களை உள்ளிழுத்து வளைக்கும். மெலிதாயின் இடைவெளி தோன்றும். அவ்விடைவெளியிற் பற்றீரியங்கள் குடிபுக, அடைப்பின் கீழே மீண்டும் சூத்தை தொடங்கும். அடைத்த பின்னர்க் கடிக்கும்போது சுரீரெனக் கூசுதற்கும் இச்சுருக்கம் ஒரு காரணம்.

குழியின் வடிவம் இதிற் பெரிதும் தொழிற்படும். ஒட்டிய பரப்பை ஒட்டாத பரப்பால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு 1987இல் பெயில்சர், டி கே, டேவிட்சன் என்போர் இதனை அளந்தனர். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பில் பெட்டிபோலமைந்த குழிக்கு நான்கு சுவரும் ஓரடித்தளமுமாக ஐந்து ஒட்டிய பக்கங்கள். திறந்த பக்கம் ஒன்றே. பக்கங்களைச் சமமெனக் கொள்ளின் விகிதம் 5. திறந்த பக்கத்திலிருந்து பிசின் தாழ்ந்து கொடுத்துச் சுருக்கத்தை ஓரளவு தணிக்கும். ஐந்திடத்தும் கட்டுண்டால் அது கொடுக்க வழியில்லை. முறிந்த முன்பல்லின் மூலையைக் கட்டுமிடத்து விகிதம் மிகக் குறைவு. தோற்றத்திற் கடினமான முன்பல் வேலை சுருக்க வகையில் எளிதாயும், ஊசித்துளையெனத் தோன்றும் கடைவாய்க்குழி வலிதாயும் அமைதல் இதனாலேயே.

இச்சுருக்கத்தை வெல்லுதற்கு வகுத்த முறைகளுள் தொன்மையானது படைமுறை. ஒரு படை 2 மில்லிமீற்றருக்கு மேற்படாது வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளியூட்டி இறுக்குவர். படைகளைக் கிடையாக அடுக்குவார் உளர். சாய்வாக, ஒரு படை எதிரெதிர்ச் சுவரிரண்டையும் ஒருசேரத் தொடாதவாறு வைப்பார் உளர். சாய்படையே சுவரிழுப்பைக் குறைக்குமென நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஆயினும் 1996இல் வெர்சுலூயிசும் துணைவரும் கணினிவழி செய்த ஆய்வு, படைபடையாக இட்டாலும் ஒவ்வொரு படையும் சுவரைச் சிறிது சிறிதாக உள்ளிழுக்க, முடிவில் வளைவு மிகுதலும் கூடுமெனக் காட்டிற்று. எனவே படைமுறையின் ஐயமற்ற பயன் சுருக்கத்தைத் தணித்தலினும் ஒளி அடிவரை சென்று பிசினை முற்றாக இறுகச் செய்தலே என்பது எம் துணிபு. மேலே கல்லாயும் அடியிற் களியாயும் கிடக்கும் அடைப்பு சில மாதங்களில் தன் இயல்பைக் காட்டும். நோயாளியோ அன்றைக்கு ஒன்றும் அறியார்.

மொத்தமாக நிரப்பும் பிசின்கள் 2010ஐ ஒட்டிய காலத்திற் பரவின. ஒளி மிகுதியாக ஊடுருவுமாறு ஆக்கப்பட்டமையாலும், இறுகுங்கால் எழும் இழுவிசை குறையுமாறு மூலக்கூறுகள் மாற்றப்பட்டமையாலும், 4 மில்லிமீற்றர் ஆழம்வரை இவற்றை ஒரே தடவையில் இடலாம். ஒழுகுந் தன்மையுள்ளவற்றின் மேல் வழக்கமான பிசினாற் கவசப்படையொன்று இடல் வேண்டும்; களித்தன்மையுள்ளவற்றிற்கு அது வேண்டா. ஆழ்ந்த குழியில் விளக்கின் நுனி அடித்தளத்தினின்று எட்டியிருக்குமாதலின், மொத்தமாக இடுவார் ஒளிநேரத்தைச் சுருக்குதல் தகாது. பல்லோடொத்த நிறத்தில் இவை வழக்கமான பிசினுக்குச் சற்றே பின்னிற்கும். கடைவாயில் அக்குறையை யார் காண்பர்? நோயாளர் வரிசை நீண்டு நிற்கும் வைத்தியசாலையில், நான்கு படையை அவசரமாக இடுவதினும் இதனையே செவ்வனே இடுதல் மேலென்பேம்.

மூன்றாவது அடுக்குமுறை. அடித்தளத்திற் கண்ணாடி அயனோமர்ச் சீமெந்தையும் அதன்மேற் கூட்டுப்பிசினையும் இடுவது. இச்சீமெந்து இலண்டன் அரசாங்க இரசாயன ஆய்வுகூடத்தில் வில்சனும் கென்றும் கண்டது; அவர்தம் கட்டுரை 1972இல் வெளிவந்தது. பல்லின் கல்சியத்தோடு இரசாயன முறையாற் பிணைதலும், புளோரைட்டைச் சிறிது சிறிதாக வெளிவிடுதலும், ஈரத்தை ஓரளவு பொறுத்தலும் இதன் சிறப்புக்கள். அரைபடும் வலிமை குறைவு. எனவே அடியில் இதன் குணமும் மேலே பிசினின் வலிமையும் கூடுகின்றன. பிசினின் அளவு குறைதலாற் சுருக்கமும் குறையும். சூத்தை ஈறுக்குக் கீழே சென்று ஓரத்தில் மிளிரியே எஞ்சாதவிடத்து இம்முறை கைகொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021ஆம் ஆண்டில் இச்சீமெந்தைச் சேர்த்தது. மின்சாரமும் சுழல்கருவியும் இல்லாத இடத்தும் கைக்கருவியாற் சூத்தையைச் சுரண்டி இச்சீமெந்தால் அடைக்கும் முறை 1980களில் தன்சானியாவிற் தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிற்று.

பல்லுக்கு வெளியே அச்செடுத்து உருவாக்கிப் பின் ஒட்டும் உட்பதிப்பு முறையும் உண்டு. சுருக்கம் வெளியிலேயே முடிந்துவிடும். இடையிலுள்ள மெல்லிய ஒட்டுபசை மட்டுமே வாயிற் சுருங்கும். பெரும்பாலும் இருமுறை வரவேண்டும், செலவும் மிகும்.

எம்முறையைக் கொள்ளினும் ஈரம் பொதுப்பகை. அமிலம் பட்ட பரப்பில் உமிழ்நீரோ குருதியோ பட்டால் அனைத்து முயற்சியும் வீண். இதற்கென ஐக்கிய அமெரிக்கப் பல்வைத்தியர் பார்னம் 1864இல் மெல்லிய இறப்பர்த் தகட்டிற் துளையிட்டுப் பல்லை மட்டும் வெளியே நிறுத்தினார். இறப்பர் விளையும் நம் நாட்டிலும் அத்தகடு கண்டார் சிலரே. பஞ்சுருளையும் உறிஞ்சுகுழாயும் கொண்டு ஒப்பேற்றுதலே பெருவழக்கு. இரு பற்களினிடையே அடைக்குங்கால் மெல்லிய உலோகப் பட்டியும் மரவாப்பும் வைத்து அயற்பல்லோடு இறுகத் தொடுமாறு செய்தலும் வேண்டும். இல்லையேல் உண்ணுந்தோறும் இறைச்சி நார் சிக்கி ஈறு புண்ணாகும். சூத்தை மீண்டும் அவ்விடத்தே தொடங்கும்.

சூத்தையை எவ்வளவு அகற்றுவதென்பதிலும் கருத்து மாறியுள்ளது. மென்மையானதனைத்தையும் சுரண்டியெடுத்தல் வேண்டுமென முன்னர்க் கற்பித்தனர். ஆழ்ந்த குழியில் அது மச்சைக்குழியைத் திறந்து நரம்பைக் கெடுக்கும். ஓரத்தை முற்றாகத் தூய்மை செய்து, மச்சையின் மேற்பகுதியில் மட்டும் மெலிந்த டென்ரீனைச் சிறிது விட்டு நன்கு மூடிவிடலாமென 2016இல் சர்வதேச அறிஞர் குழு உடன்பட்டு வெளியிட்டது. உணவு கிடையாத பற்றீரியங்கள் அங்கே ஒடுங்கும். மூடுதல் கசிவின்றி அமைந்தாலன்றி இது நிகழாது. ஓரத்து மிளிரியின் ஒட்டையே அனைத்தும் நம்பியுள்ளன.

இவ்வடைப்புக்கள் எத்துணைக் காலம் நிற்கும்? கடைவாய்க் கூட்டுப்பிசின் அடைப்புக்கள் பற்றி 2014இல் வந்த தொகுப்பாய்வொன்று, ஐந்தாண்டில் ஆண்டுக்கு 1.8 விழுக்காடும், பத்தாண்டில் ஆண்டுக்கு 2.4 விழுக்காடும் பழுதடைவதாகக் கணித்தது. அதே ஆண்டில் வந்த கொக்ரேன் மதிப்பாய்வோ, நியூ இங்கிலாந்திலும் லிஸ்பனிலும் சிறுவரிடையே நிகழ்ந்த இரு சோதனைகளைக் கொண்டு, கூட்டுப்பிசின் இரசக்கலவையினும் ஏறத்தாழ இருமடங்கு பழுதடைந்ததெனக் கூறிற்று. சான்றின் வலிமை குறைவென்பதையும் உடன் சொல்லிற்று. இவை முரணென மயங்கற்க. நன்கு துலக்கும் பெரியவரின் வாயும், சூத்தை மிகுந்த சிறுவரின் வாயும் ஒன்றல்ல. பின்னதில் எவ்வடைப்பின் ஓரத்திலும் மீண்டும் சூத்தை எழும். கூட்டுப்பிசினின் ஓரத்தில் அது விரைந்தெழும்.

நம் நாட்டிற் பல்வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பிலே தொடங்கி 1954இல் பேராதனைக்கு மாறியது. மகரகமையில் நியூசிலாந்தின் உதவியோடு 1950களில் எழுந்த பயிற்சி நிலையம், பாடசாலைச் சிறுவரின் பற்களைக் காக்கும் சிகிச்சையாளர்களை உருவாக்கிற்று. அரச வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிப் பல்லடைக்கப்படுகின்றது. ஒரு கூட்டுப்பிசின் அடைப்பைச் செவ்வனே முடிக்கும் நேரத்தில் பல்லிரண்டைப் பிடுங்கிவிடலாம் என்பதே அங்குள்ள நெருக்கடி. இரசக்கலவை விடைபெறுங்கால் அந்நேரத்தை எங்கிருந்து பெறுவதென்பது பிசின் வேதியியலால் விடையிறுக்க முடியாத வினா. சிறுவருக்கும் வாயைத் திறந்து நெடுநேரம் இருக்கமாட்டாதாருக்கும் கண்ணாடி அயனோமரும், ஆழ்ந்த கடைவாய்க்குழிக்கு அதன்மேலிட்ட மொத்தப்பிசினும், முன்பல்லுக்குப் படைமுறையும் என வகுத்துக்கொள்ளுதல் ஒருவாறு பொருந்தும்.

வெற்றிலை மெல்லுவார்க்கு ஒரு சொல். வெற்றிலைச் சாறும் கடுந்தேநீரும் பிசினின் பரப்பிற் கறையேற்றும். மெருகு நன்கிட்ட அடைப்பு கறையை எளிதில் ஏற்காது. ஏற்றதனையும் மீண்டும் மெருகிட்டு நீக்கலாம். ஓரம் முறிந்ததெனின் முழுவதையும் அகற்றல் வேண்டா. முறிந்த பரப்பைக் கரடாக்கி, சிலேனும் ஒட்டுபசையும் பூசிப் புதுப்பிசினைச் சேர்த்துவிடலாம். இரசக்கலவையில் அவ்வாறு ஒட்டுப்போடுதல் எளிதன்று.